ஏ.பி. கெமிஸ்ட்ரியில் 5 வாங்கிய மகள் கல்லூரியில் மறுபடி ஜென் கெம் படிக்கணுமா?

கேள்வி: நியூஜெர்சியில் இருக்கிறோம். மகள் இந்த ஆண்டு ஹைஸ்கூல் முடித்துவிட்டு மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேருகிறாள். டாக்டர் ஆகவேண்டும் என்பது சின்ன வயதிலிருந்தே அவள் ஆசை. ஏ.பி. கெமிஸ்ட்ரியில் (ஹைஸ்கூலிலேயே எழுதும் கல்லூரித் தரத் தேர்வு) உச்ச மதிப்பெண்ணான 5 எடுத்ததால் கல்லூரியில் 8 கிரெடிட் தருகிறார்கள், ஜென் கெம்மை (பொது வேதியியல்) விட்டுவிட்டு நேராக ஆர்கானிக் (கரிம வேதியியல்) எடுக்கலாம் என்கிறார்கள். நண்பர்களோ “வேண்டாம், ஜிபிஏ (கிரேடு சராசரி) போய்விடும்” என்று பயமுறுத்துகிறார்கள். படித்ததையே திரும்பப் படிப்பது நேரவிரயம் இல்லையா? ஆர்கானிக் 2 அவசியமா? கோடை விடுமுறையில் கம்யூனிட்டி காலேஜில் (உள்ளூர் இரண்டாண்டுக் கல்லூரி) முடித்துவிடலாமா?

பதில்: அம்மா, முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். ஜென் கெம் 1-ஐ விட்டுவிடலாம். ஜென் கெம் 2-ஐக் கல்லூரியில் லேபோடு படிக்கட்டும். ஆர்கானிக்கை இரண்டாம் ஆண்டில் தொடங்கினால் போதும், எதுவும் கெட்டுப்போகாது.

அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் வழக்கமாக எதிர்பார்ப்பது ஐந்து செமஸ்டர் கெமிஸ்ட்ரி: ஜென் கெம் இரண்டு, ஆர்கானிக் இரண்டு, பயோகெம் (உயிர்வேதியியல்) ஒன்று. ஆனால் கல்லூரிக்குக் கல்லூரி விதி மாறும். ஸ்டான்ஃபோர்டு மருத்துவக் கல்லூரி குறிப்பிட்ட பாடம் எதையும் கட்டாயமாக்கவில்லை. ஆர்கானிக் 2-க்குப் பதிலாக பயோகெம்மை ஏற்கும் கல்லூரிகளும் உண்டு. ஏ.பி. கிரெடிட்டைச் சிலர் அப்படியே ஏற்பார்கள். சிலர் அது கல்லூரி டிரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் பதிவேடு) பதிவாகியிருக்க வேண்டும் என்பார்கள். இன்னும் சிலர் அதற்கு ஈடாக அதே துறையில் ஒரு மேல்நிலைப் பாடம் கேட்பார்கள். மகள் விண்ணப்பிக்கப்போவது ஒரு கல்லூரிக்கு அல்ல, பத்துப் பதினைந்துக்காவது இருக்கும். அதில் கறாரான கல்லூரியை மனதில் வைத்துப் பாடங்களைத் தேர்ந்தெடுத்தால் பிறகு எந்தக் கதவும் அடைபடாது. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கமான ஏஏஎம்சி அமைப்பின் எம்எஸ்ஏஆர் தளத்தில் ஒவ்வொரு கல்லூரியின் விதியும் இருக்கிறது. சந்தா கட்டிப் பார்க்கவேண்டும், அந்தக் காசு வீண்போகாது.

விதி ஒருபுறம் இருக்கட்டும், நான் ஜென் கெம் 2-ஐப் பிடித்துக்கொண்டு நிற்பதற்கு வேறு காரணம் இருக்கிறது. சமநிலை, அமில-காரம், பஃபர் (பிஹெச் அதிகம் மாறாமல் தடுக்கும் கலவை) எல்லாம் அங்கேதான் வருகின்றன. மருத்துவத்துக்குள் கடைசி வரை கூடவே வரும் பகுதி அது. மகளிடம் ஒரு காகிதமும் பென்சிலும் கொடுத்து இந்தக் கணக்கைப் போடச் சொல்லுங்கள். கால்குலேட்டர் கூடாது, மருத்துவக் கல்லூரிக்கான எம்கேட் நுழைவுத் தேர்விலும் அது கிடையாது.

நம் ரத்தத்தின் பிஹெச் 7.4. அதைக் காப்பது பைகார்பனேட் பஃபர், அதன் பிகேஏ (அமிலத்தின் வலிமையைக் காட்டும் எண்) 6.1. ரத்தத்தில் பைகார்பனேட் லிட்டருக்குச் சுமார் 24 மில்லிமோல், கரைந்த கார்பன் டை ஆக்சைடு 1.2. அதாவது இருபதுக்கு ஒன்று. இருபதின் லாக் 1.3, அதை 6.1-உடன் கூட்டினால் 7.4. சரி, சர்க்கரை கட்டுமீறி ரத்தத்தில் கீட்டோ அமிலம் சேர்ந்த ஒருவருக்குப் பைகார்பனேட் 12 ஆகக் குறைகிறது, கார்பன் டை ஆக்சைடு அப்படியே இருக்கிறது என்றால் பிஹெச் என்ன?

பத்துக்கு ஒன்று, பத்தின் லாக் 1, ஆக 7.1. விடையைச் சொன்னால் மட்டும் போதாது. அடுத்து, “அந்த நோயாளி ஏன் வேகவேகமாக மூச்சு வாங்குகிறார்?” என்று கேளுங்கள். கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றினால் கீழே உள்ள எண் குறையும், விகிதம் ஏறும், பிஹெச் மீளும் என்று தன் வார்த்தையில் சொல்லிவிட்டாள் என்றால் என் முடிவை மாற்றிக்கொள்கிறேன், நேராக ஆர்கானிக்குக்குப் போகட்டும். ஃபார்முலா நினைவிருக்கிறது, காரணம் வரவில்லை என்றால் அந்த 5 மதிப்பெண்ணின் மேல் கட்டடம் கட்டவேண்டாம். ஏ.பி.யில் நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டு, பயோகெம்மில் அமினோ அமிலத்தின் சார்ஜ் கேட்டபோது திகைத்து நின்ற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். புத்தியில் குறை இல்லாத பிள்ளைகள். நடுவில் ஒரு படி இல்லாமல் மாடியேறியவர்கள்.

எம்கேட் கணக்கையும் பார்த்துவிடுவோம். வேதியியல்-இயற்பியல் பகுதியில் 95 நிமிடத்தில் 59 கேள்வி. அதில் ஏறக்குறைய 30 சதவீதம் ஜென் கெம், 25 சதவீதம் பயோகெம், ஆர்கானிக் 15 சதவீதம்தான். உயிரியல் பகுதியிலும் பயோகெம் இன்னொரு 25 சதவீதம். எல்லோரும் நடுங்குவது ஆர்கானிக்கைப் பார்த்து, அதிகம் கேட்கப்படுவதோ பயோகெம்.

அப்படியென்றால் ஆர்கானிக் 2 எதற்கு என்று கேட்பீர்கள். கார்போனைல் (கார்பன்-ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பு) வேதியியல் பெரும்பாலும் ஆர்கானிக் 2-ல்தான் வரும். குளுக்கோஸ் உடைகிற பாதையில் ஆறு கார்பன் சர்க்கரையை மூன்று மூன்றாகப் பிளக்கும் ஆல்டோலேஸ் என்சைம் செய்வது, இரண்டு கார்போனைல் மூலக்கூறுகளை இணைக்கும் ஆல்டால் வினையைத் திருப்பி நடத்துவதுதான். ஆர்கானிக் 2 படித்த பிள்ளை எலக்ட்ரான் நகர்வை அம்புக்குறி போட்டு அதைப் புரிந்துகொள்ளும், படிக்காத பிள்ளை பத்துப் படியையும் மனப்பாடம் செய்யும். போதாததற்கு, பல கல்லூரிகளில் ஆர்கானிக் 2 முடிக்காமல் பயோகெம்மில் சேரவே விடமாட்டார்கள். படிக்கட்டும்.

கோடைக்கால கம்யூனிட்டி காலேஜ் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: ஆர்கானிக் வேண்டாம். ஒரு செமஸ்டர் பாடத்தை ஆறேழு வாரத்தில் அடைக்கும்போது வினைகள் மனதில் ஊற நேரமே கிடைக்காது. ஊரில் பிளஸ் டூ படித்து வந்த நமக்கு ஒரு நினைப்பு உண்டு, கடைசிப் பரீட்சை நன்றாக எழுதினால் முன்னால் வாங்கிய மதிப்பெண்ணை யாரும் பார்க்கமாட்டார்கள் என்று. இங்கே அப்படியில்லை. மருத்துவக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பமான ஏஎம்கேஸில் எந்தக் கல்லூரியில் படித்த பாடமானாலும் காட்டவேண்டும். சி வாங்கியதைத் திரும்ப எழுதி ஏ வாங்கினாலும் இரண்டுமே சராசரியில் சேரும். உயிரியல், வேதியியல், இயற்பியல், கணக்கு நான்கையும் சேர்த்துத் தனியாக ஒரு ஜிபிஏ போடுவார்கள். ஹைஸ்கூலில் இருந்துகொண்டே டூயல் என்ரோல்மென்டில் படித்த கல்லூரிப் பாடமும் இதில் அடக்கம். மகள் அப்படி ஏதாவது எடுத்திருந்தால் அந்த கிரேடை இப்போதே எடுத்துப் பாருங்கள். ஏ.பி. மதிப்பெண் இந்த ஜிபிஏவில் சேராது, ஏற்றாது, இறக்காது.

இன்னொன்று, வேறு பல்கலைக்கழகத்தில் படிக்கும் நண்பர் மகளின் வரிசையை அப்படியே பின்பற்றாதீர்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முதலாண்டிலேயே பலர் ஆர்கானிக்கில்தான் தொடங்குகிறார்கள், அங்கே பாடத்திட்டமே அதற்கேற்ப அமைந்திருக்கிறது. யூசிஎல்ஏவில் (லாஸ் ஏஞ்சலஸிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம்) உயிரியல் மாணவர்களுக்கு 14 என்ற எண் வரிசைப் பாடங்கள், வேதியியல் மேஜர்களுக்கு 20, 30 வரிசை என்று தனித்தனிப் பாதை. உங்கள் கல்லூரியிலும் கெமிஸ்ட்ரி என்ற பெயரில் நாலைந்து பாடம் இருக்கும். நர்சிங் மாணவர்களுக்கான கெமிஸ்ட்ரியும், ஒரே செமஸ்டரில் ஆர்கானிக் முழுவதையும் தொட்டுவிட்டுப் போகிற பாடமும் பொதுவாகப் போதாது. பாட எண்ணைச் சரிபார்க்காமல் பதிவுசெய்து ஒரு வருடம் இழந்தவர்கள் உண்டு.

காலக்கணக்கு இதுதான்: முதலாண்டு ஜென் கெம் 2, இரண்டாம் ஆண்டு ஆர்கானிக் 1, 2, மூன்றாம் ஆண்டின் முதல் செமஸ்டரில் பயோகெம். அடுத்த வசந்தத்தில் எம்கேட், ஜூனில் விண்ணப்பம். படிப்பு முடிந்து ஓராண்டு கழித்து விண்ணப்பிப்பவர்களும் இப்போது ஏராளம், அதனால் ஒரு செமஸ்டர் தள்ளிப்போனாலும் பதற வேண்டாம்.

ஓரியன்டேஷனில் பதிவுசெய்யும் முன் ப்ரீ-மெட் ஆலோசகரிடம் மகளே இதைக் கேட்கட்டும்: ஜென் கெம் 1-க்கு மட்டும் ஏ.பி. கிரெடிட்டை வைத்துக்கொண்டு 2-க்கு விட்டுக்கொடுக்க முடியுமா, முதல் பாடத்தின் லேபைத் தனியாக எடுக்கலாமா, இலையுதிர் பருவத்தில் ஜென் கெம் 2 நடக்கிறதா? இல்லை என்றால் முதல் செமஸ்டரில் பயாலஜியும் கால்குலஸும் எடுத்துவிட்டு, ஜனவரியில் ஜென் கெம் 2-ல் உட்காரட்டும். பதிலை மின்னஞ்சலில் எழுத்தாக வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், ஆலோசகர்கள் அடிக்கடி மாறுவார்கள்.