நாய் மெத்தை காய்ந்தும் பிசுபிசுப்பு

கடைசி அலசலை மட்டும் குடிதண்ணீரில் செய்து பாருங்கள். ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில், போர் தண்ணீரில் துவைத்து, இரண்டு நாள் வெயிலில் போட்டும் நாய் மெத்தை பிசுபிசுக்கிறது என்கிறீர்கள். அநேகமாக உப்புதான். துணியில் தங்கிய உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசியுமே, அதே கதை.

ஒரு கறுப்புத் துணியை அந்தப் போர் தண்ணீரில் நனைத்து, பிழியாமல் காயப்போடுங்கள். ஓரத்தில் வெள்ளையாகப் பூத்தால் பெரும்பாலும் உப்புதான்.

பூக்கவில்லையா? அப்போது உள்ளே இருக்கும் பஞ்சைப் பாருங்கள். கட்டி தட்டிய பஞ்சு நடுவில் காயவே காயாது. அதை உருவிவிட்டு, பழைய டர்க்கி டவலை மூன்று அடுக்காகப் போட்டு, நான்கு விரல் இடைவெளியில் குறுக்கும் நெடுக்கும் தையல் ஓட்டுங்கள். மேலுறை தனியாக இருக்கட்டும். தலையணை உறை மாதிரி வாயை மடக்கித் தைத்தால் போதும். நான் ஆசைப்பட்டு உலோக ஜிப் வைத்தேன். உப்புக்காற்றில் துரு ஏறி இறுகிவிட்டது, மிச்சத்தை எங்கள் நாய் கடித்துத் துப்பியது.

ஒன்று, ஐப்பசி கார்த்திகை அடைமழையில் இது எதுவும் முழுசாகக் கைகொடுக்காது. மாற்றுக்கு இன்னொரு மேலுறை தைத்து வையுங்கள்.