மகளைக் காவலுக்கு வைத்தது யார்?

கேள்வி: என் மகன் தமிழ்ப்பள்ளியில் 4ஆம் ஆண்டு படிக்கிறான். பயிற்சிகள் டெலிமா என்ற மலேசியக் கல்வி அமைச்சின் இணையக் கற்றல் தளம் வழியாக வருவதால் டேப்லெட் வாங்கிக் கொடுத்தோம். பாடம் என்று சொல்லிவிட்டு விளையாட்டு, யூடியூப் என்று நள்ளிரவு வரை விழித்திருக்கிறான். எனக்குத் தொழிற்சாலையில் மாலை ஷிப்ட். செம்பனைக் குலை லாரி ஓட்டும் கணவர் 6 மணிக்கு வந்தால் களைத்துப் படுத்துவிடுவார். எங்களுக்கு டேப்லெட் பற்றி ஒன்றும் தெரியாது. இடைநிலைப்பள்ளியில் படிவம் 1 படிக்கும் மகள்தான் கடவுச்சொல் போட்டு அவனைப் பார்த்துக்கொள்கிறாள். அதற்கும் தினம் சண்டை. அவனை எப்படித் திருத்துவது?
– ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்: கடிதம் முழுக்க மகன். மகள் ஒரே ஒரு வரியில் வந்துபோகிறாள். நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன் அம்மா.

அவளுக்கு 13 வயது. வரலாற்றைத் தமிழில் படித்துவிட்டு வந்த பிள்ளை, இப்போது வரலாறு, புவியியல் எல்லாவற்றையும் மலாயில் படிக்கிறாள். இந்த மாற்றம் கடினம் என்பதால்தான் மலாயில் தடுமாறும் பிள்ளைகளுக்கென்று ஓராண்டுப் புகுமுக வகுப்பே இருந்துவந்திருக்கிறது. அவளுக்கு ஒவ்வொரு மாலையும் தேவைப்படும் ஆண்டில், அந்த மாலைகளைத் தம்பிக்குக் காவலிருக்க எடுத்துக்கொண்டீர்கள். அவளுடைய வீட்டுப்பாடத்தை யார் பார்க்கிறார்கள்? அதைப் பற்றி நீங்கள் ஒரு சொல்லும் எழுதவில்லை.

நான் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவள். அம்மா விடியுமுன் பால்மரம் வெட்டப் போய்விடுவார். தோட்டத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை இருந்தும், எனக்குக் காய்ச்சல் வந்த நாளெல்லாம் அக்காவைத்தான் பள்ளிக்குப் போகாமல் நிறுத்தினார்கள். மூன்றாம் வகுப்போடு அவள் படிப்பு நின்றுபோனது. நான் படித்தேன். அந்தக் கடன் இன்றுவரை என் நெஞ்சில் இருக்கிறது. அன்று எங்கள் வீட்டில் வேறு வழி இருக்கவில்லை. உங்கள் வீட்டில் 6 மணிக்கு ஒரு தகப்பன் வந்துவிடுகிறார்.

அவர் களைத்திருக்கிறார், உண்மைதான். ஆனால் செம்மண் சாலையில் குலை லாரி ஓட்டுகிறவருக்கு நான்கு பொத்தான்களை அழுத்தக் கற்றுக்கொள்ள முடியாது என்பதை நான் ஏற்கவில்லை. அக்கா பூட்டினால் தம்பி சண்டைதான் போடுவான். அவளுக்கு அந்த அதிகாரம் இல்லை என்று அவனுக்குத் தெரியும். அப்பா பூட்ட வேண்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் உட்காருங்கள். ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் உங்கள் பெயரிலான கூகுள் கணக்கு இருந்தால், அதைப் பயன்படுத்துகிறவர் பெரியவர் என்றே அது எண்ணும். அந்தக் கணக்கை டேப்லெட்டிலிருந்து மட்டும் நீக்கிவிட்டு, மகனின் சரியான பிறந்த தேதியைக் கொடுத்து அவனுக்கென ஒரு கணக்குத் திறந்து, கணவரின் கைப்பேசியில் ஃபேமிலி லிங்க் என்ற இலவசச் செயலியோடு இணையுங்கள். அதன்பின் அவன் புதிய விளையாட்டை இறக்க முயன்றால் அப்பாவிடம் அனுமதி கேட்கும். இரவு 9 மணி என்று நேரம் குறித்துவைத்தால் தானே பூட்டிக்கொள்ளும். டெலிமா கணக்கை அதே டேப்லெட்டில் இரண்டாவதாகச் சேர்க்கலாம். அதன் கடவுச்சொல் சிக்கலுக்கு வகுப்பாசிரியரைக் கேளுங்கள், மகளை அல்ல.

செயலி நேரத்தைத்தான் பார்க்கும், பாடத்தைப் பார்க்காது. ஆகவே டேப்லெட் கூடத்து மேசையை விட்டு நகரக் கூடாது. அப்பா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அன்று அனுப்பிய பயிற்சியைக் காட்டச் சொல்ல வேண்டும். இரவில் அது உங்கள் அறையில் இருக்கட்டும்.

மகளுக்குத் தெரிந்த பழைய கடவுச்சொல்லை அவள் முன்னாலேயே மாற்றுங்கள். இனி இது அவள் வேலை இல்லை என்று கணவரே அவளிடம் சொல்லட்டும். பிறகு அவளுடைய புவியியல் புத்தகத்தை எடுத்துவரச் சொல்லி, எந்தப் பக்கத்தில் தடுமாறி நிற்கிறாள் என்று கேளுங்கள்.