தட்டத் தெரிந்த கை

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

திருமங்கலத்திலிருந்து வாரம் மூன்று நாள் மதுரைக்கு வந்து, தரையில் மல்லுக்கட்டி எதிராளியைப் பூட்டுப் போட்டு அடக்கும் பிரேசிலியன் ஜியு-ஜிட்சு பயில்கிறேன். இரண்டு ஆண்டுகள் ஆகியும் வெள்ளைப் பட்டைதான், அதில் மூன்று கோடுகள். எனக்குப் பின்னால் சேர்ந்த இருவர் அடுத்த நிலையான நீலப் பட்டை வாங்கிவிட்டார்கள். பெரிம்போலோ, ஹீல் ஹூக் போன்ற உயர்நிலை நுட்பங்களைக் காணொளி பார்த்துக் கற்றுக்கொண்டால் அவர்களை எட்டிவிட முடியுமா? 31 வயது இதற்கு அதிகமா? விடாமுயற்சியில் நான் யாருக்கும் குறைந்தவன் இல்லை. பயிற்சி ஆட்டத்தில் பூட்டில் மாட்டினாலும், தோல்வியை ஒப்புக்கொண்டு லேசில் கையால் தட்டியதே கிடையாது. இந்தக் கலையை உருவாக்கியவர்களில் ஒருவரான ஹீலியோ கிரேசி 1951இல் கை முறிந்தும் தட்டவில்லை என்பதை நினைத்துக்கொள்வேன்.

ஒரு வாசகர், திருமங்கலம்

அன்புள்ள தம்பி,

வயதைப் பற்றிய கவலையை விடுங்கள். நான் முதன்முதலாகப் பயிற்சி விரிப்பில் கால் வைத்தபோது எனக்கு 39. பட்டையைப் பற்றியும் அதிகம் சொல்ல மாட்டேன். கருப்புப் பட்டைக்குப் பத்தாண்டுகள் ஆவது சாதாரணமாக இருக்கும் ஒரு கலையில், இரண்டாம் ஆண்டிலேயே அடுத்தவர் இடுப்பைப் பார்த்து ஏங்குவது வீண்.

என்னை உறுத்தியது உங்கள் கடைசி இரண்டு வரிகள். சில நாட்களாக நானும் இதே நினைப்பில்தான் இருக்கிறேன். மார்கழிப் பனி இறங்கினால் என் வலது முழங்கை அதை நினைவூட்டத் தவறுவதில்லை.

என் சொந்த ஊர் பாலமேட்டுப் பக்கம். வாடிவாசலைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு, திமிலைப் பிடித்தவன் விடக் கூடாது என்பது தாய்ப்பாலோடு ஊறியது. மாடு மூன்று துள்ளுத் துள்ளும்வரை தொங்கியவனுக்குத்தான் பரிசு. அந்த வீம்பை அப்படியே கொண்டுபோய் நான் விரிப்பில் வைத்தேன். சேர்ந்த பதினோராம் மாதம், 19 வயதுக் கல்லூரி மாணவன் ஒருவன் எனக்கு ஆர்ம்பார் என்னும் முழங்கைப் பூட்டைப் போட்டான். முறையாகத்தான் போட்டான்: அவன் தொடைகளுக்கு நடுவே என் மேற்கை, அவன் மார்போடு ஒட்டி என் மணிக்கட்டு, என் கட்டைவிரல் மேல்நோக்கி, முழங்கைக்கு அடியில் அவன் இடுப்பு. மெல்ல இடுப்பை உயர்த்தியவன், நான் தட்டுவதற்காக ஒரு கணம் நின்றும் பார்த்தான். சுற்றி நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்ததால் நான் பல்லைக் கடித்துக்கொண்டு கையை உருவப் பார்த்தேன். முருங்கைக்காயை ஒடிப்பது போல ஒரு சத்தம் கேட்டது.

வலி பிறகுதான் வந்தது. முதலில் நான் கண்டது அந்தப் பையனின் முகத்தை. வெளிறிப்போய், "நீங்க தட்டலையேண்ணே, தட்டலையேண்ணே" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். மூன்று வாரம் அவன் வகுப்புக்கே வரவில்லை. கைக்கட்டோடு அவன் விடுதிக்குப் போய் மன்னிப்புக் கேட்டு அழைத்துவந்தேன். வந்த பிறகும் ஏறக்குறைய ஓராண்டு, யாருக்கு ஆர்ம்பார் போட்டாலும் இடுப்பு உயரும்போதே பிடியைத் தளர்த்திவிடுவான். என் முழங்கையோடு அவன் கற்ற வித்தையையும் நான் முறித்திருந்தேன். இதையா தம்பி, விடாமுயற்சி என்று பெருமையாக எழுதுகிறீர்கள்? உங்கள் கையைப் பூட்டியிருப்பவன், நாளை மாலையும் நீங்கள் பயில்வதற்குத் தன் உடம்பைத் தரப்போகிறவன். அவனை அப்படியொரு நிலையில் நிறுத்த உங்களுக்கு எந்த உரிமையும் கிடையாது.

ஹீலியோவை இதற்குள் இழுக்காதீர்கள். ரியோவின் மரக்கானா அரங்கில், கூட்டத்தின் நடுவே, ஜப்பானிய ஜூடோ வீரர் கிமுராவுடன் அவர் மோதியது போட்டி. தட்ட மறுத்த தம்பிக்காக ஆட்டத்தை நிறுத்த, ஓரத்தில் அண்ணன் கார்லோஸ் நின்றிருந்தார். செவ்வாய்க்கிழமைப் பயிற்சியில் உங்களுக்காக யார் நிற்கிறார்கள்? அன்று ஹீலியோவின் கையை முறித்த பூட்டை ஜியு-ஜிட்சுக்காரர்கள் இன்றும் கிமுரா என்றே அழைக்கிறார்கள். தங்களை வென்றவரின் பெயரைச் சொல்லியே அந்தப் பூட்டைத் தங்கள் மாணவர்களுக்குக் கற்றுத்தந்தார்கள். அந்த ஆட்டத்திலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

பெரிம்போலோ என்ன கேட்கிறது என்று பாருங்கள். எதிராளியின் காலை வெளிப்புறமாகச் சுற்றி உங்கள் பாதத்தைக் கொக்கி போல மாட்டி (இதை டி லா ரிவா கொக்கி என்பார்கள்), அவரைச் சாய்த்து, தோள்மீது உருண்டு, அவர் முதுகுக்குப் போய்ச் சேர வேண்டும். உருளும்போது இடுப்பு சற்றுப் பின்தங்கினாலும் அவர் உங்கள்மீது ஏறிவிடுவார். ஐம்பது முறை அப்படி மாட்டித் தட்டிய பிறகுதான், எந்தக் கணத்தில் உருள வேண்டும் என்பது உடம்புக்குப் பிடிபடும். தட்டக் கூசுகிறவன் அந்த ஐம்பது முறைக்குத் துணிய மாட்டான். தெரிந்த ஒரே பிடிக்குள் இறுகிக் கிடந்து, மணி அடிக்கும்வரை தப்பித்துக்கொண்டிருப்பான். உங்கள் இரண்டு ஆண்டுகள் அப்படித்தான் போயிருக்கும் என்பது என் ஊகம்.

ஹீல் ஹூக்கை இப்போதைக்குத் தொடவே வேண்டாம். குதிகாலைத் திருகினால் முறுக்கு முழங்காலில் போய் ஏறுகிறது. வலி தெரிவதற்கு முன்பே ஜவ்வு கிழிந்துவிடலாம். சர்வதேச ஜியு-ஜிட்சுக் கூட்டமைப்பு 2021இல் அதை அனுமதித்தபோதுகூட, கீ என்னும் பயிற்சி அங்கி அணியாத ஆட்டத்தில், பழுப்பு, கருப்புப் பட்டை பெற்ற பெரியவர்களுக்கு மட்டும்தான் அனுமதித்தது. வலி வரட்டும், பிறகு தட்டலாம் என்றிருப்பவர் அந்தப் பூட்டின் அருகில் போகக் கூடாது.

ஞாயிறு காலை ஆறரை மணிக்கு எங்கள் வகுப்புக்கு வாருங்கள். வகுப்பை எடுப்பவன் அந்தப் பையன்தான். இப்போது நீலத்துக்கு அடுத்த ஊதாப் பட்டை. என் வலது கையில் ஆர்ம்பார் போட்டு, இடுப்பை மெல்ல உயர்த்துங்கள். அந்தக் கை இன்னும் முழுதாக நீளாது என்பதால் நான் சீக்கிரமே தட்டுவேன். தட்டியதும் விட்டுவிடுங்கள், அடுத்து உங்கள் கை.