குரோடெஸ்க் அலங்காரம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மனிதத் தலையும் கொடி உடலுமாக வரும், குரோடெஸ்க் எனப்படும் இந்த விசித்திர உருவங்கள் ஐரோப்பிய அலங்காரக் கலைக்குள் எப்போது நுழைந்தன?

பதில்: கி.பி. 64இல் ரோம் தீக்கிரையான பின் நீரோ மன்னன் எழுப்பிய பொன் மாளிகை, அவன் காலத்துக்குப் பிறகு மண் நிரப்பப்பட்டு, மேலே வேறு கட்டடங்கள் எழுந்ததால் மறைந்துபோயிற்று. 1480ஐ ஒட்டி அது மீண்டும் வெளிப்பட்டபோது, ஓவியர்கள் துளைகள் வழியே உள்ளே இறங்கி, குகைகளைப் போலிருந்த அந்த அறைகளின் விதானச் சித்திரங்களைப் படியெடுத்தார்கள். இத்தாலியின் சியெனா நகரிலுள்ள பிக்கலோமினி நூலகத்துக்காக 1502இல் ஓவியர் பிந்துரிக்கியோவுடன் செய்துகொண்ட ஒப்பந்தத்திலேயே இந்த அலங்காரம் பெயர் சொல்லிக் கேட்கப்பட்டிருக்கிறது.

கேள்வி: தேவாலயங்களின் வெளிப்புறத்தில் வாய் பிளந்து நிற்கும் பூதங்களும் இவைதாமா?

பதில்: அல்ல. அவை மழைநீரைச் சுவரில் படாமல் தள்ளி ஊற்றும் கல் தூம்புகள், இடைக்காலத்தவை.

கேள்வி: மனம் போன போக்கில் வரைந்தவை போலல்லவா தோன்றுகின்றன?

பதில்: அந்தச் சுதந்திரம் உருவங்களுக்கு மட்டுமே உண்டு, அமைப்புக்கு இல்லை. பெரும்பாலும் வெண்ணிறப் பின்னணியின் நடுவே செங்குத்தாக ஒரு தண்டு எழும். அதிலிருந்து பிரியும் சுருள்கொடிகளும் சிறகுள்ள பெண்ணுருவங்களும் முகமூடிகளும் இருபுறமும் ஒன்றையொன்று ஒத்து நிற்கும். 1519இல் ஓவியர் ரஃபேலின் பட்டறை முடித்த வத்திக்கான் லோஜியா என்னும் வளைவுத் தாழ்வாரத்தில், அப்பட்டறைக் கலைஞர் ஜொவான்னி தா ஊதினே, பழைய ரோமானியர் முறைப்படி பளிங்குத்தூளும் சுண்ணாம்பும் கலந்த சாந்தில் புடைப்புருவங்களையும் சேர்த்தார்.

கேள்வி: இதை யாரும் எதிர்க்கவில்லையா?

பதில்: கி.மு. முதல் நூற்றாண்டிலேயே கட்டடக்கலை அறிஞர் விட்ருவியஸ், நாணல் எவ்வாறு கூரையைத் தாங்கும், மெல்லிய தண்டின்மேல் பாதி மனிதன் எவ்வாறு முளைப்பான் என்று கடிந்து எழுதினார். அந்தக் கண்டனத்தைவிடத் துல்லியமான வருணனை இவ்வகைக்கு வேறில்லை என்பது என் கருத்து.

கேள்வி: சுவரிலிருந்து தட்டுக்கும் மேசைக்கும் எவ்வாறு வந்தது?

பதில்: செப்புத்தகட்டு அச்சுப்படங்கள் வழியாக. 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தாலியின் ஊர்பினோ நகரக் குயவர்கள் வெண்ணிற மெருகிட்ட தட்டுகளின் விளிம்பில் இவற்றைத் தீட்டினார்கள். பிரெஞ்சு மன்னன் பதினான்காம் லூயியின் அரசவையில் அலங்கார வடிவமைப்பாளர் ஜான் பெரேன் இவற்றை நூலிழையாக மெலிவித்தபோது, அந்தப் பாணி ஆந்த்ரே ஷார்ல் பூலின் மரச்சாமான் வேலைக்கு வெகுவாகப் பொருந்தியது. பித்தளைத் தகட்டையும் ஆமையோட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, நுண்ரம்பத்தால் சேர்த்தே அறுப்பார்கள். ஆமையோட்டில் பித்தளை பதிந்த பலகை ஒன்றும், பித்தளையில் ஆமையோடு பதிந்த பலகை ஒன்றும் கிடைக்கும். பூல் வகை அலமாரிகள் சில எதிரெதிர் நிறச் சோடிகளாக அமைந்திருப்பது இதனால்தான்.