அந்த நோட்டு யாரோடது தம்பி?

வாசகர் கேள்வி: அக்கா, எனக்கு 22 வயசு, வியாசர்பாடி பக்கம். ரெண்டு வருஷமா பேட்டில் ராப் பண்றேன், எதிர்ல நிக்கறவன ரைம்லயே திட்டி ஜெயிக்கற போட்டி. எங்க ஏரியா சைஃபர்ல, அதான் வட்டமா நின்னு மாத்தி மாத்தி ராப் பண்ற எடத்துல, என்னைய எதுத்து நிக்க ஆள் கெடையாது. இப்ப ஒரு கம்பெனி நாலு பாட்டுக்கு ஒப்பந்தம் நீட்டியிருக்கு. ஆனா ரெக்கார்டிங் பூத்துக்குள்ள போனா வாய் கட்டிப்போகுது, ரெண்டு மாசமா ஒரு பாட்டு கூட முடியல. அப்பா ஆட்டோ ஓட்டறார், வேலைக்குப் போ வேலைக்குப் போன்னு நச்சரிக்கறார். என் பேட்டில் வீடியோவ எல்லாம் தங்கச்சிதான் கேட்டு வரி வரியா நோட்டுல எழுதி வெப்பா, பிளஸ் டூ படிக்கறா. சில எடத்துல அவளே வரிய மாத்திடுவா, சும்மா வெளையாட்டுக்கு. நான் "மஞ்ச ஷூ போட்டு மெரட்ட வந்தியா, மாமியார் வீட்டு விருந்துக்கு வந்தியா"ன்னு பாடினத அவ "கடன் வாங்கின ஷூவுல மெரட்ட வந்தேன், கால் கடிக்குது, சிரிச்சுக்கிட்டே நின்னேன்"னு எழுதி வெச்சிருக்கா. என் கான்ஃபிடென்ஸ் எப்படி திரும்ப வரும்? கையெழுத்து போடலாமா?

பதில்: உனக்குத் திறமை இருக்கு தம்பி, விடாம முயற்சி பண்ணு, பூத் பயம் தானா போயிடும்னு நான் எழுதுவேன்னு எதிர்பாத்துருப்ப. எழுதப் போறதில்ல. இந்த மாதிரி லெட்டர் எனக்குப் பழக்கம், மிமிக்ரி பண்றவங்க, கானா பாடறவங்க, பட்டிமன்றத்துல கைதட்டு வாங்கினவங்கன்னு எல்லாரும் எழுதறாங்க, மேடையில புலி, ரூமுக்குள்ள ஊமைன்னு. எல்லாருமே கான்ஃபிடென்ஸ்தான் கொறையுதுன்னு சொல்றாங்க. உன் விஷயத்துல கொறையறது அது இல்ல. எதுத்து நிக்க ஆளே கெடையாதுன்னு எழுதற பையனுக்கு அது மூட்டை மூட்டையா இருக்கு.

உன் லெட்டர்ல ஒரே ஒரு எடத்துல உசுரு இருக்கு, அத நீ "சும்மா வெளையாட்டுக்கு"ன்னு சொல்லி தாண்டிப் போயிட்ட. அந்த ரெண்டு வரியையும் சத்தமா படிச்சுப் பாரு.

உன்னோடது அந்த மேடைக்கு சரியான வரி, நானே சிரிச்சேன். எதிர்ல ஒருத்தன் மஞ்ச ஷூவோட நிக்கறான், கூட்டம் அவன் கால பாக்குது, நீ சொல்ற, எல்லாரும் ஓன்னு கத்தறாங்க, அந்தக் கத்தல்ல நீ அடுத்த வரிய யோசிச்சுக்கற. ஆனா அதே வரிய ஒருத்தி நைட் ஷிஃப்ட் முடிஞ்சு பஸ்ல ஹெட்போன்ல கேட்டா, எந்த ஷூ, யார் போட்டது, அவளுக்கு என்ன? பூத்துல உனக்கு வாய் கட்டறதும் இதனாலதான், திட்டறதுக்கு எதிர்ல ஆளும் இல்ல, மூச்சு வாங்க கத்தலும் இல்ல. 90 பீபீஎம், அதான் நிமிஷத்துக்கு 90 தட்டு விழற பீட்ல பதினாறு பார்னா (ஒரு பார்னா நாலு தட்டு) ஏறக்குறைய 43 செகண்டு, மூணு நிமிஷப் பாட்டுக்கு அந்த நீளத்துல நாலு துண்டு வேணும், அதுக்குள்ளயே பல்லவி மாதிரி திரும்பத் திரும்ப வர்ற ஒரு ஹூக்கும் வேணும். மறுபடி மறுபடி கேட்டாலும் சலிக்காத வரியா அது இருக்கணும். எதிராளியோட ஷூவ ஒரு தடவைக்கு மேல யாரும் கேக்க மாட்டாங்க.

இப்ப அவ என்ன பண்ணியிருக்கான்னு பாரு. ஷூவ அவன் கால்லேருந்து கழட்டி உன் கால்ல மாட்டியிருக்கா. திட்டு போயி ஒரு ஆளோட நெலம வந்துடுச்சு, கடன் வாங்கின ஷூ, கால் கடிக்குது, அத வெளிய காட்டிக்காம ஒருத்தன் சிரிச்சுக்கிட்டு நிக்கறான். அந்த பஸ்ல போறவளுக்கு இது புரியும், அவ செருப்பும் கடிச்சிருக்கும். அப்புறம் ஒண்ணு கேக்கறேன், அன்னைக்கு நீ போட்டுட்டுப் போன ஷூ யாரோடது? நெஜமாவே கடன் வாங்கினதுதானே? வீட்டுல இருக்கறவளுக்குத்தான் அதெல்லாம் தெரியும், நீ வந்து கால தேய்ச்சத அவ பாத்திருப்பா.

ரெண்டு மாசமா எந்த வேலைய உன்னால முடியலன்னு பொலம்பறியோ அந்த வேலைய ஒரு பிளஸ் டூ பொண்ணு ஹோம்வொர்க்குக்கு நடுவுல முடிச்சு வெச்சிருக்கா, நீ அத வெளையாட்டுங்கற. நம்ம வீடுகள்ல பொம்பளப் புள்ளைங்க செய்யறதுக்கு எல்லாம் இந்தப் பேருதான். அண்ணன் பண்ணா கேரியர், தங்கச்சி பண்ணா டைம்பாஸ். எனக்கு இதுல கோவம் வரும், வந்திருக்கு, மறைக்கல.

இது ஒண்ணும் உன் கூட பொறந்த கஷ்டமும் இல்ல. தஞ்சாவூர் பக்கம் லாவணியில எரிஞ்ச கட்சி, எரியாத கட்சின்னு மன்மதன் எரிஞ்சானா இல்லையான்னு விடிய விடிய எதிர்ப்பாட்டு பாடினவங்களுக்கும் எதிர்ல ஆள் வேணும், ஆள் இல்லேன்னா பாட்டு இல்ல. அமெரிக்காவுல எமினெம்னு ஒரு ராப்பர், டெட்ராய்ட் ஊர் பேட்டில்ல எல்லாம் பேர் வாங்கின ஆளு, 1996ல ஆல்பம் போட்டார், ஊருக்குள்ளயே சரியா விக்கல, நியூயார்க் ராப்பர்ஸ் மாதிரி பாடறான்னுதான் பேச்சு வந்துச்சு. 1997ல லாஸ் ஏஞ்சலஸ்ல ராப் ஒலிம்பிக்ஸ்னு ஒரு போட்டி, அதுல அவர் தோத்தார், ரெண்டாவது எடம். ஆனா அந்தக் காலத்துல அவர் போட்ட இன்னொரு ரெக்கார்டு கைமாறி டாக்டர் ட்ரேன்னு ஒரு பெரிய ராப் தயாரிப்பாளர் காதுக்குப் போச்சு, 1999ல உலகத்துக்கே தெரிஞ்சுது. கதவத் தொறந்தது மேடை இல்ல, எழுதி உக்காந்து ரெக்கார்டு பண்ணின டேப்புதான். பின்னாடி ஒரு டிவி பேட்டியில ஒரு பெட்டிய தொறந்து காட்டினார், உள்ள பூரா கிறுக்கல் காகிதம், துண்டு துண்டா எழுதி வெச்ச ரைம். பேட்டில் ராஜாவுக்கே காகிதம் வேணும். உன் காகிதம் உன் தங்கச்சி ஸ்கூல் பைக்குள்ள இருக்கு.

இன்னொரு ராப்பர் ஜின், அமெரிக்காவுல மயாமில ஓட்டல் நடத்தின சீனக் குடும்பத்துப் பையன். 2002ல அமெரிக்க டிவியில வெள்ளிக்கெழம நடக்கற ஃப்ரீஸ்டைல் போட்டியில ஏழு வாரம் தொடர்ச்சியா ஜெயிச்சார், ரஃப் ரைடர்ஸ்ங்கற ராப் ஆல்பம் கம்பெனி அப்படியே தூக்கிக்கிச்சு. ஆல்பம் வர 2004 ஆச்சு, டிவியில பாத்து கைதட்டின வேகம் அதுக்குள்ள ஆறிப்போச்சு, அடுத்த வருஷமே விட்டுடறேன்னு சொல்ற அளவுக்கு ஆயிடுச்சு. அப்புறம் 2007ல வீட்டுல அப்பா அம்மாவோட பேசற கேன்டனீஸ்ங்கற சீன மொழியிலயே ஒரு ஆல்பம் முழுக்க பாடினார், அது ஹாங்காங்ல அவருக்கு ரெண்டாவது வாழ்க்கைய குடுத்துச்சு. எதிராளிய விட்டுட்டு வீட்டுக்குள்ள திரும்பினப்புறம்தான் அவருக்கு வழி கெடச்சுதுன்னு நான் நெனைக்கறேன், நீ ஒத்துக்கலேன்னாலும் பரவால்ல.

ஒப்பந்தத்துக்கு வருவோம். நீ நாலு பாட்டுன்னு மட்டும் எழுதியிருக்க, எத்தன வருஷத்துக்கு, எந்தெந்த ஊருக்கு, வரிக்கு யார் பேரு, ஒண்ணும் எழுதல, நீ படிச்சியாங்கறதே எனக்கு சந்தேகம். படி. ரெக்கார்டிங் வேற, வரி வேற. காசு போட்டு பதிவு பண்ணினவன் ரெக்கார்டிங்குக்கு சொந்தக்காரன், ஆனா வரிக்கு மொத சொந்தக்காரங்க அத எழுதினவங்க, அந்த உரிமை எழுதினவங்க காலத்துக்கப்புறமும் 60 வருஷம் இருக்கும். 2012ல காப்புரிமைச் சட்டத்துல திருத்தம் வந்துச்சு, எழுதினவங்களுக்கு ராயல்டில, அதான் பாட்டு பயன்படுத்தறதுக்கு வர்ற காசுல, கம்பெனியோட சம பங்கு உண்டு, அத கம்பெனிக்கே விட்டுக் குடுத்துட்டேன்னு எழுதி வாங்கினாலும் செல்லாது. உரிமைய எழுதிக் குடுக்கற ஒப்பந்தத்துல காலம் போடலேன்னா அஞ்சு வருஷம்தான், எடம் போடலேன்னா இந்தியாவுக்குள்ள மட்டும்தான். ஆனா "உலகம் முழுக்க, காலாகாலத்துக்கும்"னு அவங்க போட்டுட்டு நீ கையெழுத்தும் போட்டேன்னா அப்புறம் என்கிட்ட வராத. ஐபிஆர்எஸ்னு பாட்டு எழுதறவங்களுக்கும் இசையமைக்கறவங்களுக்கும் ஒரு சங்கம் இருக்கு, அதுல சேரு, ராயல்டி அதுவழியா வரும்.

இப்ப முக்கியமானது. பாடல் வரின்னு போடற எடத்துல உன் பேர மட்டும் போட்டு, அந்த ஷூ வரிய ஹூக்கா பாடினேன்னா அதுக்குப் பேரு திருட்டு. தங்கச்சிதானே, நம்ம வீட்டுப் பொண்ணுதானே, கேக்கவா போறான்னு நெனைக்காத, கேக்க மாட்டாங்கறதுனாலதான் நீ ஒழுங்கா இருக்கணும். எந்தப் பாட்டுல யார் எவ்வளவு எழுதினீங்கன்னு ஒரு தாள்ல எழுதி ரெண்டு பேரும் வெச்சுக்குங்க. அவளுக்கு 18 முடியலேன்னா அவ போடற ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது, அதனால அவ பங்கு அப்பாவுக்குத் தெரிஞ்சு, அப்பா முன்னாடி பேசினதா இருக்கணும், கம்பெனிக்காரன்கிட்டயும் வாயத் தொறந்து சொல்லணும், ரெண்டு பேர் எழுதினதுன்னு. அவன் மொகம் சுருங்கினா சுருங்கட்டும், ஒப்பந்தத்த அப்பா ஆட்டோவுலயே ஏறிப் போயி ஒரு வக்கீல்கிட்ட காட்டிட்டு வா.

அப்பாவப் பத்தி ரொம்ப சுருக்கமா சொல்லிடறேன். அவர் நச்சரிக்கல, மாசக் கடைசிய எண்ணிட்டிருக்கார். எமினெம் உலகத்துக்குத் தெரியாத காலத்துல கைக்கொழந்தைய வெச்சுக்கிட்டு ஓட்டல்ல சமையல் பண்ணி, பாத்திரம் கழுவி சம்பாதிச்சார். நீ பாதி நாள் வேலைக்குப் போனா நீ ராப் பண்ற ஓட்டம் ஒண்ணும் ஓடிப்போயிடாது, சொல்லப்போனா எழுதறதுக்கு ஏதாவது கெடைக்கும். வீட்டுக்கு ஒத்த ரூபா குடுக்காத பையன் ஒழைப்பப் பத்தி ராப் பண்ணா எனக்குக் கேக்கப் பிடிக்காது, இது என் கருத்து, பழைய ஆளுன்னு சொல்லிக்க.

கடைசியா அந்தப் பொண்ணு படிப்பு. மார்ச்ல பப்ளிக் எக்ஸாம். அது முடியற வரைக்கும் ராத்திரி பதினொரு மணிக்கு ஃபோனக் குடுத்து "இந்த வீடியோவ கொஞ்சம் எழுதிக்குடு"ன்னு அவகிட்ட போய் நிக்கக் கூடாது. உன் வீடியோவ நீயே கேட்டு நீயே எழுது, வலிக்கும், பாதி வரி மஞ்ச ஷூவாத்தான் இருக்கும், அடிச்சுப் போடு. கம்பெனி அவசரப்பட்டா ஏப்ரல்ல முடிச்சுத் தர்றேன்னு சொல்லு, நெஜமாவே உன் பாட்டு வேணும்னா காத்திருப்பாங்க. எக்ஸாம் முடிஞ்சப்புறம் அவகிட்ட போயி மொதல்ல அவளுக்கு இதுல இஷ்டமான்னு கேளு, ஏன்னா உன் லெட்டர் முழுக்கத் தேடிட்டேன், அவ எழுதறது அவளுக்குப் பிடிச்சிருக்கான்னு நீ ஒரு தடவ கூட கேட்ட மாதிரி தெரியல. வேண்டாம்னு சொன்னா அந்த வரிய நீ தொடக்கூடாது. சரின்னு சொன்னா பாட்டுல அவ பேரு எப்படி வரணும்னு, இனிஷியலோட, அவளையே எழுதித் தரச் சொல்லு.