மன்னிப்புக் கடிதம் எழுதும் முன்

கேள்வி: பி.இ. முடித்துவிட்டு, சென்னை புறநகர் ரயில் பாதையில் ட்ராக் மெயின்டெய்னராக (தண்டவாளப் பராமரிப்பு ஊழியராக) சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. பாதி நாள் இரவு பிளாக் வேலை (ரயில்களை நிறுத்திவிட்டுத் தண்டவாளத்தில் செய்வது). ரெஸ்ட் ஒழுங்காகக் கிடைப்பதில்லை. கேங்கில் சீனியர்கள் ‘இன்ஜினியர் சார்’ என்று கிண்டல் செய்கிறார்கள். சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் திட்டுகிறார். மதுரையில் அம்மாவுக்கு ஆபரேஷன் என்று லீவு கேட்டும் தரவில்லை. வாட்ஸ்அப்பில் தகவல் சொல்லிவிட்டு ஊருக்குப் போய், 19 நாள் கழித்து டூட்டிக்குத் திரும்பினேன். இப்போது ‘அனுமதியின்றி வராதது ஏன், 7 நாளில் விளக்கம் தரவும்’ என்று மெமோ வந்திருக்கிறது. எனக்கே டைபாய்டு என்று சர்ட்டிஃபிகேட் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். மன்னிப்புக் கேட்டு எழுதிக் கொடுத்தால் முடிந்துவிடும் என்கிறார் இன்னொருவர். அப்பாவோ வேலையை விட்டுவிட்டு வரச் சொல்கிறார். சூப்பர்வைசர் மேல் வழக்குப் போடலாமா? என் வேலை தங்குமா?

பெயர் வேண்டாம், செங்கல்பட்டு மாவட்டம்

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தில் மூன்று பக்கம் சூப்பர்வைசரைப் பற்றி இருக்கிறது. சட்டத்துக்கு வேண்டிய விஷயம் கடைசியில் இணைத்திருக்கும் நியமன உத்தரவின் நகலில் இருக்கிறது: நீங்கள் இன்னும் தகுதிகாண் பருவத்தில் (புரொபேஷனில்) இருக்கிறீர்கள், 14 நாள் நோட்டீஸ் கொடுத்து உங்களை வேலையிலிருந்து விடுவிக்கலாம். முதலில் இதற்கு வழி பார்ப்போம். கிண்டல், திட்டு எல்லாம் வலிக்கும்தான், ஆனால் இன்றைக்கு அதற்கு வழக்கு இல்லை. பி.இ. படித்தவரைத் தண்டவாளம் தூக்க வைப்பதும் சட்டத்தில் குறையாகாது. அந்த வேலைக்குத்தான் தேர்வு எழுதினீர்கள்.

வேலை நேரத்துக்கு மட்டும் சட்டம் இருக்கிறது. 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 14-ஆவது அத்தியாயப்படி, ‘தொடர்ச்சியான வேலை’ என்று வகைப்படுத்தப்பட்டவருக்கு இரண்டு வாரச் சராசரியில் வாரத்துக்கு 54 மணி நேரம்தான் உச்ச வரம்பு. அதைத் தாண்டினால் இரட்டிப்பு ஓவர்டைம். ரெஸ்ட் சட்டப்படி தர வேண்டியது. அதைக் கேட்க வேண்டியதுதான், ஆனால் சங்கத்தின் வழியாக, மொத்த கேங்குக்கும் சேர்த்துக் கேளுங்கள். மெமோவுக்கான பதிலில் வேலை நேரப் புகாரைக் கலந்தால், லீவு கிடைக்காத கோபத்தில் வராமல் இருந்தவர் என்று நீங்களே எழுதிக் கொடுத்ததாகிவிடும்.

சரி, வேலை தங்குமா? உங்களை அனுப்பும் உத்தரவு எப்படி வருகிறது என்பதைப் பொறுத்தது. அரசியல் சட்டத்தின் 311(2) பிரிவுப்படி, விசாரணை இல்லாமல் தண்டனையாக ஒருவரை வேலை நீக்கம் செய்ய முடியாது. தகுதிகாண் பருவத்தில் இருப்பவருக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1957-இல் சொன்னது, பர்ஷோத்தம் லால் திங்ராவின் வழக்கில். அவரும் ரயில்வே ஊழியர்தான். வழக்கில் அவர் தோற்றார்; தீர்ப்பு போட்ட கோடு மட்டும் நின்றுவிட்டது. ‘இவர் வேலை திருப்தியாக இல்லை’ என்று இரண்டு வரியில் அனுப்பினால் அது தண்டனை இல்லை. ‘இன்ன குற்றம் செய்தார்’ என்பதை அடிப்படையாக வைத்து அனுப்பினால் அது தண்டனை, விசாரணை இல்லாமல் செல்லாது. குற்றச்சாட்டு அந்த உத்தரவுக்கு வெறும் தூண்டுதலா, இல்லை அதுவே அடிப்படையா என்பதை 1999-இல் தீப்தி பிரகாஷ் பானர்ஜி வழக்கில் இன்னும் விரித்தார்கள்.

அதனால், ஷெட்டிலும் கேங்கிலும் எல்லோரும் பயப்படுகிற எஸ்.எஃப் 5 சார்ஜ் ஷீட் (பெரிய தண்டனைக்கான குற்றப் பத்திரம்) உங்கள் நிலையில் இருப்பவருக்கு ஒரு வகையில் பாதுகாப்பு. அது வந்தால் விசாரணை உண்டு, உதவிக்கு ஒரு ரயில்வே ஊழியரோ சங்கத்துக்காரரோ உண்டு, 45 நாளுக்குள் அப்பீல் உண்டு. உங்களுக்கு வந்திருப்பது அது இல்லை, வெறும் விளக்கம் கேட்கும் கடிதம். அடுத்து எஸ்.எஃப் 11 (சிறிய தண்டனைக்கான குற்றப் பத்திரம்) வரலாம், ஒன்றுமே வராமல் போகலாம், இல்லை அந்த இரண்டு வரி உத்தரவு வரலாம். இப்போது ஃபைலில் என்ன இருக்கிறது என்பதுதான் அதைத் தீர்மானிக்கும். அந்த ஃபைலுக்குள் நீங்கள் போடப் போகிற காகிதம்தான் எனக்குக் கவலை.

என்னிடம் வரும் புது ரயில்வே ஊழியர்களில் பலர் வேலை இழந்தது லீவு போட்டதால் இல்லை, அதற்குப் பிறகு எழுதியதால். டைபாய்டு சர்ட்டிஃபிகேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் உண்மையான காரணம் அம்மாவின் ஆபரேஷன். டிஸ்சார்ஜ் சம்மரி கையில் இருக்கிறது. இரக்கம் காட்ட அதிகாரிக்கு அதுவே போதும். அதை விட்டுவிட்டு, அந்த 19 நாளும் உங்களுக்குக் காய்ச்சல் என்று காகிதம் கொடுத்தால், மருத்துவமனைக்கு ஆள் அனுப்பி ஒரே நாளில் சரிபார்த்துவிடுவார்கள். அப்புறம் வராமல் இருந்தது பெரிய விஷயமாக இருக்காது, பொய் ஆவணம் கொடுத்தவர் என்பதுதான் இருக்கும். அந்தப் பெயர் வந்த பிறகு எந்தத் தீர்ப்பாயத்திலும் உங்கள் பக்கம் நின்று பேசுவது எனக்கே சிரமம். கிரிமினல் வழக்கும் கூடவே வரலாம்.

மன்னிப்புக் கடிதம் இதைவிட மோசமான பொறி, ஏனென்றால் நல்ல எண்ணத்தோடு சொல்லப்படுவது. சீனியர் ஒருவர் வாசகம் சொல்வார், பையன் எழுதுவான்: ‘என் பொறுப்பின்மையால் டூட்டிக்கு வராமல் இருந்துவிட்டேன், இனி இப்படி நடந்தால் எந்த நடவடிக்கைக்கும் கட்டுப்படுகிறேன்.’ முடிந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டவருக்கு விசாரணை எதற்கு என்று நிர்வாகம் கேட்கும், நீதிபதியும் கேட்பார். 2012-இல் கிருஷ்ணகாந்த் பார்மர் வழக்கில், வேண்டுமென்றே வராமல் இருந்தார் என்று நிரூபித்தால்தான் அது ஒழுங்கீனம் என்றது உச்ச நீதிமன்றம். உங்களுக்கு இருக்கிற நல்ல வாதம் அது ஒன்றுதான். அதை உங்கள் கையாலேயே வெட்டாதீர்கள். வருத்தம் தெரிவிக்கலாம், தப்பில்லை: ‘என் வராமையால் ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறேன்’ என்பதோடு நிறுத்துங்கள்.

அப்பா சொல்கிற ராஜினாமாவைப் பற்றி. பெற்ற மனம் அப்படித்தான் சொல்லும், அவரிடம் கோபப்பட வேண்டாம். ஆனால் ‘இப்போது விட்டுவிட்டு அப்புறம் திரும்பச் சேரலாம்’ என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பாதீர்கள். ராஜினாமா ஏற்கப்பட்டு, அது முறைப்படி உங்களுக்குத் தெரிவிக்கப்பட்டுவிட்டால் கதவு மூடிவிடும். அதற்கு முன்பு திரும்பப் பெறலாம். ஆனால் அதை நிலைநாட்ட என்ன விலை என்று பாருங்கள். கொங்கன் ரயில்வேயில் 23 ஆண்டு வேலை பார்த்த ஒருவர் 2013 டிசம்பரில் ராஜினாமா கொடுத்தார், மறு ஆண்டு மே மாதம் திரும்பக் கேட்டார். மீண்டும் பணியில் சேர்க்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கொடுத்தது 2024-இல். இடைப்பட்ட காலத்துக்குப் பாதிச் சம்பளம்தான். அவருக்கே அப்படி. எட்டு மாத சர்வீஸ் உள்ளவர் அந்தச் சூதாட்டத்தில் இறங்கவே கூடாது.

எனவே சண்டை வேண்டாம், சமரசம் செய்துகொள்ளுங்கள் என்பதுதான் என் அறிவுரை. பதில் ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். லீவு கேட்ட தேதி, ஆபரேஷன் தேதி, வாட்ஸ்அப்பில் தகவல் சொன்ன தேதியும் நேரமும், டூட்டிக்குத் திரும்பிய தேதி. ஆஸ்பத்திரி காகிதங்களின் நகல். 19 நாளையும் சம்பளமில்லா விடுப்பாக முறைப்படுத்தித் தருமாறு ஒரு வேண்டுகோள். சூப்பர்வைசரின் பெயரே அதில் வரக் கூடாது. அப்புறம் சங்கத்தின் கிளைச் செயலாளரைக் கூட்டிக்கொண்டு பிரிவு அதிகாரியை நேரில் பாருங்கள். எஸ்.எஃப் 11 கொடுத்து ஒரு வருட இன்கிரிமென்டை நிறுத்தி முடிக்கிறேன் என்றால், அடுத்த ஆண்டுகளின் இன்கிரிமென்டைப் பாதிக்காத தண்டனைதானா என்று கேட்டு உறுதி செய்துகொண்டு ஒப்புக்கொள்ளுங்கள். லெவல் 1-இல் 18,000 அடிப்படைச் சம்பளம் 18,500 ஆவது ஒரு வருடம் தள்ளிப்போகும். மாதம் 500 ரூபாயும் அதற்கான பஞ்சப்படியும். தகுதிகாண் பருவத்தை ஆறு மாதம் நீட்டினாலும் வாயைத் திறக்க வேண்டாம்.

இவ்வளவுக்கும் மீறி அந்த இரண்டு வரி உத்தரவு வந்தால், அன்றைக்கே துறைக்குள் மேல்முறையீடு கொடுங்கள். மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் கால வரம்பு ஒரு வருடம். அப்பீல் முடிவு வரட்டும் என்று வருடக் கணக்கில் உட்கார்ந்திருக்காதீர்கள். ஆறு மாதத்தில் பதில் இல்லை என்றால் அங்கிருந்து கணக்கு ஓட ஆரம்பித்துவிடும்.

அதுவரை ஒரு நாள்கூட டூட்டியைத் தவற விடாதீர்கள். பதிலை ஏழாவது நாள் வரை இழுக்காமல் நாளைக்கே கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போட மறுத்தால் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.