கடை, தடை, படை

அன்புள்ள ஐயா,

பெக்கெஷி பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். பிணங்களின் காதை ஆராய்ந்து நோபல் பரிசு வாங்கினார், பிறகு அதில் பாதி சரியில்லை என்றாகிவிட்டது என்றால் அந்த உழைப்புக்கு என்ன பொருள்? இன்னொன்று. அப்பா 26 வருஷமாக டீ ஃபேக்டரியில் சி.டி.சி. மெஷின் (தேயிலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டுவது) பக்கம் வேலை செய்கிறார். "சத்தம் கேக்குது, பேச்சு புரியல" என்கிறார். அடுத்த வாரம் கோவைக்குக் கூட்டிப்போகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

சாந்தி, கோத்தகிரி

அன்புள்ள சாந்தி,

உங்கள் இரண்டு கேள்விகளும் ஒரே இடத்தில்தான் போய் நிற்கின்றன.

பெக்கெஷி மருத்துவர் அல்ல. ஹங்கேரித் தபால்துறையின் தொலைபேசி ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். லைனில் எந்தப் பகுதியைத் திருத்தினால் பலன் என்று தேடப்போய்க் காதுக்குள் நுழைந்தார். நத்தைக்கூடு போன்ற உள்காதைத் தண்ணீருக்குள் வைத்துத் திறந்து, சவ்வின்மேல் வெள்ளித் துகள் தூவி, விட்டுவிட்டு மின்னும் விளக்கொளியில் ஒலியலை ஓடுவதைக் கண்ணால் பார்த்தார். கீச்சுக்குரல் நுழைவாயிலருகே உச்சம் கொள்ளும், கனத்த குரல் நுனிவரை போகும். 1961இல் பரிசு பெற்ற இந்த உண்மை இன்றும் நிற்கிறது.

நிற்காதது அலையின் வடிவம். அவர் கண்டது அகன்று மழுங்கிய மேடு. உயிருள்ள காதில் அது ஊசிமுனை. ஒவ்வொரு காதிலும் சுமார் 12,000 வெளி மயிரணுக்கள் துடித்து மெல்லிய ஒலியைப் பெருக்குகின்றன. உயிர் போனால் அந்தத் துடிப்பும் போய்விடும். 1978இல் பிரிட்டிஷ் ஆய்வாளர் டேவிட் கெம்ப், காது தானே ஒலி எழுப்புவதைப் பதிவு செய்தபோது, உயிருள்ள காது ஒலியைப் பெருக்குகிறது என்பதற்கு வலுவான சான்று கிடைத்தது. ஆக, பெக்கெஷியின் அளவு சரி, அளந்த காதில்தான் குறை.

இரைச்சல் முதலில் தின்பது இதே அணுக்களைத்தான். அவை மீண்டும் முளைப்பதில்லை. சேதம் பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸ் என்ற கீச்சொலிப் பகுதியருகே தொடங்கும். 'கடை, தடை, படை' மூன்றையும் பிரித்துக்காட்டுவது முதலெழுத்தின் உயர்சுருதி வெடிப்பு. அது போனால் 'அடை' மட்டும் மிஞ்சும். கத்திப் பேசினால் அந்த 'அடை'தான் பெரிதாகும், அப்பாவுக்கு எரிச்சலும் வரும். முகம் பார்த்து நிதானமாகப் பேசுங்கள்.

கேட்புச் சோதனைக்கு முன் குறைந்தது 14 மணி நேரம் மெஷின் சத்தம் கூடாது. ஷிப்ட் முடிந்த கையோடு போனால் தற்காலிக மந்தமும் சேர்ந்து, கணக்கு மோசமாகக் காட்டும். குறும்பி இருந்தால் முதலில் எடுக்கச் சொல்லுங்கள். சளி இருந்தால் தேதியைத் தள்ளிப்போடுங்கள். மலையிறங்கும்போது வெளிக்காற்றழுத்தம் ஏறும்; மூக்கையும் நடுக்காதையும் இணைக்கும் குழாய் அடைத்திருந்தால் செவிப்பறை உள்ளே இழுபட்டு, இல்லாத குறை ஆடியோகிராமில் (கேட்கும் திறனைக் காட்டும் வரைபடத்தில்) ஏறிவிடும். வளைவுகளில் எச்சில் விழுங்கச் சொல்லுங்கள், புளிப்பு மிட்டாய் உதவும்.

ஹெட்ஃபோனில் ஒலி கேட்கவைப்பது காற்றுவழிச் சோதனை; காதுக்குப் பின்னால் எலும்பில் அதிர்வு வைத்துப் பார்ப்பது எலும்புவழிச் சோதனை. அதையும் கேளுங்கள். காற்றுவழி குறைந்து எலும்புவழி நன்றாக இருந்தால் கோளாறு வெளிக்காதிலோ நடுக்காதிலோ. இரண்டும் 4000இல் சேர்ந்து பள்ளம் விழுந்தால் இரைச்சலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். தமிழ்ச் சொற்களை வைத்துப் பேச்சுச் சோதனை செய்யாமல் காது கேட்கும் கருவி வாங்க வேண்டாம். கருவி ஒலியைக் கூட்டும், மழுங்கிய மேட்டைக் கூராக்காது. அதனால் வீட்டில் சில வாரம் போட்டுப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

வேலைக்குத் திரும்பும்போது காதில் நுரையடைப்பான் கட்டாயம். அதை மெல்லிய திரியாக உருட்டி, எதிர்க்கையைத் தலைக்கு மேல் கொண்டுவந்து காதுமடலை மேலும் பின்னும் இழுத்துச் செருகி, அரை நிமிடம் விரலால் பிடிக்க வேண்டும். தன் குரல் தனக்கே பானைக்குள் பேசுவதுபோல் கேட்கவில்லையென்றால் எடுத்துவிட்டு மறுபடி போடச் சொல்லுங்கள்.